தங்க முள்

எடைமேடைக்குப் பக்கத்தில் இருந்த அந்த அறை பத்தடிக்கு எட்டடி. மூன்று பக்கமும் கண்ணாடி. காலையில் வந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் ஒன்பது மணிவரைக்கும் வெளியே இருப்பது தெரியும். அதற்குள் கிரஷர் ஓட ஆரம்பித்துவிடும். கல் அரைக்கிற தூசி எழும்பி வந்து கண்ணாடியில் மாவு மாதிரி அப்பிக்கொள்ளும். அப்புறம் லாரிகளைச் சத்தத்தை வைத்துத்தான் அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எடைக்காரருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். காலி லாரி மேடையில் ஏறி நிற்கும். டிரைவர் இறங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவன் எடையும் சேர்ந்துவிடும். சிவப்பு எண்கள் குதித்துக் குதித்து அடங்கும். அதை எழுதுவார். அதே லாரி ஜல்லியை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது மறுபடியும் எழுதுவார். சீட்டை மெஷினே அடித்துத் தரும். ஆனால் முதலாளிக்கு மெஷின் மேல் நம்பிக்கை கிடையாது. மனுஷன் கையால் எழுதினால்தான் அதில் ஒரு பயம் இருக்கும் என்பார். அதனால் தலையணை கனத்தில் ஒரு ரிஜிஸ்தர். வண்டி நம்பர், ஏறிய நேரம், இறங்கிய நேரம், காலி எடை, பார எடை, சரக்கு. ஒரு நாளைக்கு நூற்றிருபது வரி.

அவர் எழுத்து அப்படி இருக்கும். முதல் வண்டிக்கு எழுதிய எட்டும் கடைசி வண்டிக்கு எழுதிய எட்டும் ஒரே வயிற்றில் பிறந்தது மாதிரி இருக்கும். அடித்தல் திருத்தல் கிடையாது. லாரிக்காரர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அச்சடிச்ச மாதிரி இருக்கே சார்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவர் பேரே அச்சு சார் ஆகிவிட்டது. வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வீட்டில் அவர் "ஏங்க", மகளுக்கு அப்பா, மச்சினனுக்கு மாமா, ஆபீசில் "யோவ் எடை". லாரிக்காரர்கள் சொன்னதுதான் அவர் வாழ்நாளில் கேட்ட ஒரே புகழ்ச்சி. வீட்டில் போய் அதைச் சொல்லக் கூச்சப்பட்டார். சொன்னதேயில்லை.

அந்த வருஷம் வலது கட்டைவிரலின் அடிமூட்டில் வலி வந்தது. முதலில் மத்தியானத்துக்கு மேல் வரும். பிறகு காலையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. சோற்றைப் பிசைய முடியவில்லை. டாக்டர் விரலைத் திருகிப் பார்த்துவிட்டு, "எழுதறத நிறுத்துங்க" என்றார்.

"நிறுத்தினா சாப்பிடறதையும் நிறுத்தணும் சார்."

"அப்ப அழுத்தாம எழுதுங்க. அந்த குச்சி பேனாவ வச்சுக்கிட்டு உழுறீங்க பாருங்க, அதான். நல்ல மை பேனா ஒண்ணு வாங்குங்க. தங்க முள்ளு, அதான் நிப்பு, போட்டது. தன்னால ஓடும். காகிதத்துல வச்சா போதும்."

தன்னால ஓடும் என்ற வார்த்தை அவர் மனதில் ஒட்டிக்கொண்டது.

பேனாக் கடை ஊரின் பெரிய தெருவில், கண்ணாடிக் கடைக்கும் கைக்கடிகாரக் கடைக்கும் நடுவில் இருந்தது. முதல் இரண்டு தடவை வெளியே நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டார். மூன்றாவது தடவை உள்ளே போனார். செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று யோசித்துக்கொண்டு வாசலில் நின்றதைக் கடைப்பெண் பார்த்துவிட்டாள்.

"செருப்போட வாங்க சார். பரிசுக்கா, உங்களுக்கா?"

"எனக்குத்தான்" என்று சொல்வதற்கு அவருக்குத் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது.

அவருக்கு முன்னால் ஒருவர் அவசரமாக நின்றுகொண்டிருந்தார். மேலதிகாரிக்குப் பரிசாம். பேனாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் திறந்து திறந்து மூடினார். "மூடும்போது டப்புன்னு சத்தம் வரணும்மா, அப்பதான் வெயிட்டா இருக்கும்" என்றார். இரண்டு நிமிஷத்தில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எடைக்காரர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தார். ரிஜிஸ்தர் தாள், எழுதாதது.

"இதுல எழுதிப் பாக்கணும். உங்க தாள் வழவழன்னு இருக்கு. அதுல எந்தப் பேனாவும் நல்லாத்தான் ஓடும்."

கடைப்பெண் சிரித்தாள். அதுவரை நின்றுகொண்டிருந்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தட்டில் வெல்வெட் துணி விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். முதல் பேனா பார்க்க ராஜா மாதிரி இருந்தது. மூடியைப் பின்னால் செருகினால் தலை தூக்கியது. பத்து வரிக்குள் மணிக்கட்டு சொல்லிவிடும். இரண்டாவது பட்டை முள். ரிஜிஸ்தர் தாளில் மை பூத்துப் பூத்து எட்டின் வயிறு அடைத்துக்கொண்டது. மூன்றாவது கீறியது. நாலாவதுக்கு மூடி இழுத்தால் வரும் மூடி. "தூசிக்கு ஆகாது, திருகு மூடியா குடும்மா" என்றார். மெல்லிய முள் வேண்டும், ஆனால் கீறக்கூடாது. கனம் வேண்டும், ஆனால் கனம் முன்பக்கம் விரலுக்குள் இருக்க வேண்டும். கழுத்து வழுக்கக்கூடாது, கையில் வேர்வை இருக்கும். ஒரு முழுநாளைக்கு மை போதவேண்டும். இவ்வளவும் தனக்குத் தெரியும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஏழாவது பேனா. கறுப்பு. பார்வைக்கு ஒன்றுமில்லை. காகிதத்தில் வைத்தார். வண்டி நம்பர் ஒன்று எழுதினார். நேரம், காலி எடை, பார எடை. விரல் சும்மா கூடவே போனது. வலி எங்கேயோ வெளியே நின்றது.

"சார், உங்க கையெழுத்து..." என்று கடைப்பெண் ஆரம்பித்து, தாளைத் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு வருஷம் லீவு நாளில் வேலை பார்த்துச் சேர்த்திருந்தது அவ்வளவும் அந்தப் பேனாவுக்குப் போயிற்று. மகள் மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருகிறாள், நல்ல ஷூ ஒன்று கேட்டிருந்தாள், அடுத்த மாசம் என்று சொல்லியிருந்தார். கை நீட்டிப் பணம் கொடுக்கும்போது அது ஞாபகம் வந்தது. கொடுத்துவிட்டார்.

"பேர் வெட்டித் தருவோம் சார், இலவசம். என்ன பேர் போடட்டும்?"

அவர் வெகுநேரம் யோசித்தார். காது சிவந்தது. பிறகு, "அச்சு" என்றார்.

பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டார். பில்லை பஸ்ஸில் வரும்போது துண்டு துண்டாகக் கிழித்து ஜன்னல் வழியாக விட்டார். பேனாவை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. எடை அறையின் மேஜை இழுப்பறையில், துடைக்கிற துணிக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.

நாற்பது நாள் அவர் சந்தோஷமாக இருந்தார். காலையில் கதவைத் திறந்து, கண்ணாடி துடைத்து, பேனாவுக்கு மை நிரப்பி, முள்ளைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, முதல் வண்டிக்குக் காத்திருப்பார். இரண்டு வண்டி சேர்ந்து வந்தால் முன்னெல்லாம் எரிச்சல் வரும். இப்போது வரட்டும் என்றிருந்தது. மூன்றாவது வாரமே சாப்பாட்டைக் கையால் பிசைந்து சாப்பிட்டார். மனைவி பார்த்துவிட்டு, "மருந்து கேக்குதுபோல" என்றாள். "ம்" என்றார்.

மழைக்காலம் தொடங்குகிற சமயம் ஆபீசில் ஒரு பேச்சுக் கிளம்பியது. குவித்துவைத்த ஜல்லிக்கும் ரிஜிஸ்தரில் வெளியே போன ஜல்லிக்கும் ஒத்துவரவில்லை. மேனேஜர் ஒவ்வொரு இடமாகப் போய்க் கத்திவிட்டு ஒரு மத்தியானம் எடை அறைக்கு வந்தார். கூடவே எடைக்காரரின் மச்சினன். அவன்தான் சரக்கு ஏற்றுகிற இடத்துக்கு சூப்பர்வைசர்.

மேனேஜர் ரிஜிஸ்தரைப் புரட்டவில்லை. ரிஜிஸ்தர் மேல் கிடந்த பேனாவை எடுத்தார்.

"யோவ், இது என்ன?"

"பேனா சார்."

"பேனான்னு தெரியுது. என் சம்பந்தி வச்சிருக்கார் இதே பேனா. அவர் மூணு கம்பெனி வச்சிருக்கார். உனக்கு ஏது?"

"வாங்கினேன் சார். கை வலி. டாக்டர்..."

"வாங்கினியா!" மேனேஜர் மச்சினனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "உங்க மாமா செருப்பப் பாரு. மூணு எடத்துல தச்சிருக்கு. இவர் தங்க முள்ளுல எழுதுறாராம்."

மச்சினன் தரையைப் பார்த்தான்.

மேனேஜர் பேனாவை வெளிச்சத்தில் திருப்பினார். எழுத்து தெரிந்தது. "அச்சு. அது யாருய்யா?"

"நாந்தான் சார். லாரிக்காரங்க அப்படிக் கூப்பிடுவாங்க."

"லாரிக்காரங்க." மேனேஜர் அந்த வார்த்தையை மெல்லுவது மாதிரி இன்னொரு தடவை சொன்னார். "உன் வீட்ல கூப்பிடுவாங்களா?"

"இல்ல சார்."

"நான் கூப்பிடறேனா? உன் மச்சினன்? யாரும் கிடையாது. லாரிக்காரன் மட்டும் கூப்பிடற பேரு பேனாவுல இருக்கு. அப்ப யார்யா வாங்கிக் குடுத்திருப்பான்? தன் பேனாவுல தானே செல்லப்பேர் வெட்டிக்கிறவன் உலகத்துல உண்டாய்யா?"

"சார், கடையில வேணா கேட்டுப் பாருங்க..."

"கடையில ஒருத்தன் வாங்கினான்னு சொல்லுவான். யார் காசுன்னு சொல்லுவானா?" பேனாவைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். "நாளையிலேர்ந்து வராத. விசாரணை முடியட்டும்."

எடைக்காரர் ரிஜிஸ்தரை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தார். மேடையில் நின்ற லாரியின் டிரைவர், "என்ன அச்சு சார், சீட்டு?" என்று கேட்டான். எல்லார் காதிலும் விழுந்தது. மேனேஜர் இன்னொரு தடவை சிரித்தார்.

அவர்கள் இருந்தது கம்பெனி வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி காயப்போட இடம். மனைவி முன்னறையில் பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் தைக்காத காலர் குவியல், ஒரு பக்கம் தைத்தது. அவர் வருவதற்குள் அவள் தம்பி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் உட்கார்ந்தார். மகள் ஒரு தட்டில் சோறும் முட்டையும் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

"யார் குடுத்தாங்க?" என்றாள் மனைவி, மிஷினை நிறுத்தாமல்.

"நானே வாங்கினேன்."

"ஏங்க, நான் மேனேஜர் இல்ல. எங்கிட்ட நெசத்தச் சொல்லுங்க."

"நெசம் அதான். லீவு நாள்ல வேலை செஞ்ச காசு."

மிஷின் நின்றது.

"நீங்க ஒரு பனியன் வாங்கணும்னாகூட நான் போய்த்தான் வாங்கிட்டு வரேன். டீ குடிச்சாகூட வந்து சொல்ற மனுஷன். நீங்க கடைக்குப் போயி, உங்களுக்குன்னு, தங்கத்துல பேனா வாங்கினீங்களா? அதுல பேர் வேற வெட்டினீங்களா?"

"ஆமா."

"அது என்ன பேரு? இருபத்தஞ்சு வருஷம் உங்ககூட குடும்பம் நடத்தறேன், எனக்குத் தெரியாத பேரு?"

அவர் எழுத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். லாரிக்காரர்கள் எட்டிப் பார்ப்பது, அச்சடித்த மாதிரி என்று சொல்வது. அந்த அறையில், காலர் குவியலுக்கு நடுவில், அது சொல்லச் சொல்ல அசட்டுத்தனமாக இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டார்.

மகள் சுவரிலிருந்து சொன்னாள்: "அப்பா, அடுத்த மாசம் அடுத்த மாசம்னு நாலு மாசமா சொன்னீங்க. காசில்லன்னுதானே சொன்னீங்க? அப்ப அது பொய். இல்ல, இது பொய். எதுன்னு சொல்லுங்க."

அவர் சோற்றில் கை வைத்தார், எடுத்தார்.

மனைவி எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். குரல் தணிந்திருந்தது. "இங்க பாருங்க. எவனோ குடுத்தான், நீங்க கை நீட்டி வாங்கிட்டீங்க. எல்லாரும் வாங்கறதுதான். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், மன்னிச்சிடுவேன். ஆனா எங்க ரெண்டு பேரையும் ஏமாத்திட்டு உங்களுக்குன்னு ஒரு பொருள் வாங்கி ஒளிச்சு வச்சீங்கன்னு சொல்லாதீங்க. அத என்னால தாங்க முடியாது."

மறுநாள் அவர் பஸ் ஏறிக் கடைக்குப் போனார். அந்தப் பெண் அவரை மறக்கவில்லை. அவர் எழுதிப் பார்த்த தாளை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தாள். பில்லின் நகல் ஒன்று அடித்துக் கொடுத்தாள். தேதி இருந்தது, பேனாவின் பேர் இருந்தது. வாங்கியவர் பேர் எழுதுகிற இடத்தில் ரொக்கம் என்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது வீடு பூட்டியிருந்தது.

மனைவி தம்பியைக் கூட்டிக்கொண்டு மேனேஜர் வீட்டுக்குப் போயிருந்தாள்.

திரும்பி வந்தவள் முகம் தெளிவாக இருந்தது. அழுது முடித்த முகம்.

"எல்லாம் சரியாப் போச்சு" என்றாள். "நான் ஒத்துக்கிட்டேன்."

"என்னத்த ஒத்துக்கிட்ட?"

"நீங்க கை நீட்டி வாங்கினதத்தான். ஒரே ஒரு தடவைதான் சார், ஆசைப்பட்டுட்டார் சார், எங்களப் பாத்து விட்டுடுங்கன்னு கால்ல விழுந்தேன். அவர் சம்சாரம் வெளிய வந்து பாத்துச்சு. அதுவும் சொல்லிச்சு, பாவம் விட்டுடுங்கன்னு. வேலை போகாது, வீடு போகாது. நீங்க எழுதிக் குடுத்தா போதும்."

அவர் கையிலிருந்த பில்லை நீட்டினார். அவள் வாங்கிப் பார்த்தாள். பேர் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"இதுக்கு மேல இத யார்கிட்டயும் காட்டாதீங்க. என்னை பொய்க்காரி ஆக்காதீங்க."

மச்சினன் வாசற்படியில் உட்கார்ந்து சிகரெட்டை நசுக்கினான். "மாமா, ஒரு விஷயம். யார் குடுத்தாங்கன்னு எழுதணும். பேர் இல்லாம செல்லாதுங்கறார்."

"யாரும் குடுக்கலையே, மாப்ள. யார் பேர எழுத?"

"உயிரோட இருக்கறவன் பேர எழுதினா அவன் பொழப்பு போகும். உங்க குணத்துக்கு அது ஆகாது, எனக்குத் தெரியும்." அவன் ஏற்கனவே யோசித்து வைத்திருந்தது குரலில் தெரிந்தது. "போன மாசம் செத்தாரே, மீசை டிரைவர். அவர் பேர எழுதுங்க."

மீசை டிரைவர் செத்தது கிரஷர் காம்பவுண்டுக்குள்ளேதான். டிப்பரின் தொட்டி தூக்கியபடியே சிக்கிக்கொண்டு இறங்க மறுத்தது. என்ன என்று குனிந்து பார்த்தார். இறங்கிவிட்டது. எடைக்காரர் அன்றைக்கு அந்த வண்டிக்குக் காலி எடை எழுதி வைத்திருந்தார். பார எடைக்கான கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

"நல்ல மனுஷன்யா அவரு. ஒரு சீட்டுக்கூட தப்பா வாங்கினதில்ல."

"நல்ல மனுஷன்தான், யார் இல்லேன்னா? அவருக்கு இனிமே என்ன மாமா வந்துடப் போகுது? செத்தவங்கள யாரும் வேலையவிட்டுத் தூக்கமாட்டாங்க. ஒரு பேரு, ஒரு வரி. அக்காவயும் புள்ளையயும் தெருவுல நிறுத்தப் போறீங்களா?"

உள்ளே மிஷின் ஓட ஆரம்பித்தது.

திங்கட்கிழமை மேனேஜர் அறையில் எழுதிக் கொடுத்தார். மேனேஜர் சட்டைப்பையிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்து நீட்டி, "இதாலயே எழுது, சாட்சியா இருக்கட்டும்" என்றார். இந்தச் சில நாளைக்குள் அதன் முள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அழுத்தி அழுத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எடைக்காரருக்கு அந்த நேரத்திலும் அதுதான் முதலில் கண்ணில் பட்டது. முள்ளைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்து, கீறாத கோணத்தைக் கண்டுபிடித்து எழுதினார். மேற்படி லாரியின் டிரைவர் எடையைக் குறைத்து எழுதும்படி கேட்டு எனக்கு இந்தப் பேனாவை அன்பளிப்பாகக் கொடுத்தார், நானும் பெற்றுக்கொண்டேன். பதினோரு வரி. அடித்தல் திருத்தல் இல்லை.

மேனேஜர் வாங்கிப் படித்துவிட்டு, "திருட்டுத்தனத்தக்கூட எவ்வளவு அழகா எழுதறான் பாரு" என்று பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார்.

வேலை திரும்பக் கிடைத்தது. மறுபடியும் குச்சிப் பேனா. விரல் வலி ஒரே வாரத்தில் வந்துவிட்டது. வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை. மனைவி முன்னைவிட நன்றாகக் கவனித்துக்கொண்டாள். தப்பு செய்தவனை மன்னித்துவிட்ட ஒரு கம்பீரம் அவள் நடையில் வந்திருந்தது. அக்கம்பக்கத்தில் யாராவது ஜாடையாகப் பேசினால், "ஒரு தடவை சறுக்கிட்டார், அதுக்கென்ன, நான் பாத்துக்கிட்டேன்" என்பாள். லாரிக்காரர்கள் ஜன்னலில் எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். செத்தவன் மேல் பழி போட்டவர் என்று அவர்களுக்குள் பேச்சு இருந்தது. இப்போது வெறும் "சார், சீட்டு".

மழை பிடித்துக்கொண்ட ஒரு முற்பகல், எடை அறையின் கதவை ஒரு பெண் தட்டினாள். நாற்பது வயதிருக்கும். குடையை வெளியே சாத்திவிட்டு, கால் சேற்றைப் படியில் தேய்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"எடை சாருங்களா? நான் மீசை டிரைவர் சம்சாரம்."

அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"உக்காருங்க சார். உங்களப் பத்தி அவர் நெறைய சொல்வார். அந்த இடத்துல யோக்கியன்னா ஒருத்தர்தான், அச்சு சார்தான்னு. எனக்கு எழுதப் படிக்க வராது சார். ஒரு மனு எழுதணும். வெளியில யார்கிட்ட போனாலும் கேள்வி மேல கேள்வி கேக்கறாங்க. அதான் உங்ககிட்ட வந்தேன்."

"என்ன மனு?"

"அவர் செத்த அன்னிக்கு முதலாளியே வந்து எல்லார் முன்னாடியும் சொன்னார், உனக்கு ஆபீஸ்ல பெருக்கித் தொடைக்கிற வேலை போட்டுத் தரேன்னு. நாளைக்கு வா, அடுத்த வாரம் வான்னு இழுத்தாங்க. இப்ப போனா, உன் புருஷன் திருடன், லஞ்சம் குடுத்து எடைய மாத்தினவன், அவன் பொண்டாட்டிக்கு வேலை கிடையாதுங்கறாங்க. யாரோ எழுதிக் குடுத்திருக்காங்களாம். காகிதத்தக் காட்டறாங்க, எனக்கு என்ன தெரியும்? என் புருஷன் அப்படிப்பட்டவர் இல்லன்னு எழுதணும் சார்."

வெளியே மழையில் கிரஷர் ஓடவில்லை. அந்த அமைதி அவருக்குப் பழக்கமில்லாதது.

"யார் எழுதிக் குடுத்தாங்கன்னு சொன்னாங்களா?"

"சொல்லல. எந்தப் பாவியோ. பொணத்து மேல எழுதினான் பாருங்க, அவன் கை வெளங்காமப் போகணும். பூச்சி அரிச்சுப் போகணும்." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க சார். வாயில வந்துடுச்சு."

அவர் தாளை எடுத்து வைத்தார். எழுத ஆரம்பிப்பதற்கு முன்புதான் உறைத்தது. இந்த எழுத்தை மேனேஜர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். பதினோரு வரியை எழுதிய கை இதையும் எழுதியது என்று தெரிந்தால், வேலை, வீடு, மனைவி விழுந்த கால், எல்லாம்.

பேனாவை விரல்களுக்கு நடுவில் கோணலாகப் பிடித்துக்கொண்டார். எழுத்துகளை இடது பக்கம் சாய்த்தார். ஒன்றைப் பெரிதாக்கி ஒன்றைச் சிறிதாக்கினார். வேண்டுமென்றே இரண்டு இடத்தில் தப்பாக எழுதி அடித்தார். கோணலாக எழுதுவது அவருக்குச் சுலபமாக வரவில்லை, நெற்றியில் வேர்த்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கை நடுங்குதே சார். ஒடம்பு சரியில்லையா? மெதுவா எழுதுங்க."

முடித்து மடித்துக் கொடுத்தார். அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மழையில் ஆபீஸ் பக்கம் நடந்தாள்.

மச்சினன் மத்தியானம் வந்தபோது கேட்டார். "அவளுக்கு வேலை தரதா சொல்லியிருந்தாங்களாமே. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கிட்ட சொல்லலையே."

"சொல்லியிருந்தா நீங்க எழுதியிருப்பீங்களா?" அவன் அவர் டிபன் டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டான். "கம்பெனிக்கும் அவளுக்கு வேலை குடுக்க இஷ்டமில்ல. நமக்கும் ஒரு பேரு வேணும். முடிஞ்சுது. விடுங்க."

நாலு மணிக்கு மேனேஜர் கையில் மனுவோடு வந்தார். வாட்ச்மேன் குடை பிடித்துக்கொண்டு பின்னால். கேட்டுக்குப் பக்கத்தில், மழைக்கு ஒதுங்கி, பதிலுக்காக அவள் நின்றுகொண்டிருப்பது துடைத்த கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

"யோவ் எடை, உனக்குத்தான் எழுத்தப் பத்தித் தெரியும். இத எவன் எழுதினான்னு பாத்துச் சொல்லு. நம்ம ஆளு எவனோ அவளத் தூண்டிவிடறான்."

எடைக்காரர் தாளை வாங்கி, விளக்கருகில் பிடித்து, நிதானமாகப் பார்த்தார்.

"தெரியல சார். எழுதிப் பழக்கமில்லாத கை."

"இங்க உள்ள வந்துட்டுப் போனாளாமே?"

"மழைக்கு ஒதுங்கினா சார்."

மேனேஜர் மனுவை இரண்டாகக் கிழித்தார். நாலாகக் கிழித்தார். "நீயே போயி சொல்லிடு. இனிமே கேட்டுக்குள்ள கால் வச்சா போலீசுக்குச் சொல்லுவேன்னு சொல்லு. அவளுக்கும் நமக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல." கிழிந்த தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

எடைக்காரர் மழையில் இறங்கி நடந்தார். பின்னால் மேனேஜரும் வாட்ச்மேனும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவரைப் பார்த்ததும் குடையை அவர் தலைக்கு மேல் நீட்டினாள்.

"என்ன சார் சொன்னாங்க?"

"போயிடும்மா. வேலை கிடையாது. இனிமே இங்க வராத."

"நீங்க எழுதினதப் படிச்சாங்களா சார்?"

அவர் திரும்பி எடை அறைப் பக்கம் பார்த்தார். பிறகு, மேனேஜருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்: "நான் எதுவும் எழுதல. எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

அவளுக்கு முதலில் புரியவில்லை. குடையைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஏதோ ஒன்று அவளுக்குள் மெதுவாகக் கூடி வந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கிழிந்த தாளைப் பிடித்திருந்த அவருடைய வலது கையைப் பார்த்தாள்.

குடையை அவர் தலையிலிருந்து எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கி நடந்தாள்.

மேடையில் ஏறி நின்ற லாரி இரண்டு தடவை ஹாரன் அடித்தது. அவர் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்.